பன்னிரண்டு மணிச் சங்கும் பால்வாடிப் பிள்ளைகளும்

இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருப்பவரும், இந்தப் பால்வாடிக்குத் தம் கட்டடத்தின் முன்பகுதியை வாடகையில்லாமல் தந்திருப்பவரும், தம் சொந்தப் பேத்தியையே இங்கு அனுப்பி எங்களுக்குப் பெருமை சேர்த்தவருமான பலசரக்கு வணிகர் செந்தில்வேல் அண்ணாச்சி அவர்களே! அவருக்கு அருகே அமர்ந்து இந்தச் சிறு மேடையைச் சிறப்பிக்கும் பெரியோர்களே! பச்சைப் பிள்ளைகளின் பாதி மழலையைப் பாடமாக்கிக் காட்டும் கிருபை டீச்சர் அவர்களே! அடுப்படியிலிருந்து இப்போதுதான் கை துடைத்தபடி வந்து கதவோரம் நிற்கும் ஆயா சீனித்தாய் அவர்களே! கடைத்தெருவிலிருந்து வந்திருக்கும் தாய்மார்களே! சரக்குக் கிட்டங்கிகளில் பகலெல்லாம், பேதி மருந்துக்காகக் கப்பலேறும் நிலாவரை இலை பொறுக்கிவிட்டு, வீட்டுக்கும் போகாமல் நேரே இங்கு வந்து மணலில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! அவர்கள் மடியில் இப்போதே கண் சொருகத் தொடங்கிவிட்ட என் சின்னஞ்சிறு செல்வங்களே! உங்கள் அனைவரையும் இந்தக் காசிலிங்கம் கை கூப்பி வணங்குகிறேன்.

என்ன? மைக்கில் காற்றுத்தான் கேட்கிறதா? இப்போது கேட்கிறதா? நல்லது. குறை மைக்கில் இல்லை. என் குரலே அவ்வளவுதான்.

நான் மேடையில் பேசிப் பழகியவன் அல்லன். துறைமுக அலுவலகத்தில் கப்பல் வந்த நேரம், கப்பல் போன நேரம் எழுதி எழுதியே ஓய்வு பெற்றவன். பாளையங்கோட்டையில் பட்டப்படிப்பு முடித்தவன் என்ற ஒரே காரணத்தால் இந்தப் பால்வாடிக் குழுவுக்கு என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். உலகமே குழந்தைகள் ஆண்டு என்று கொண்டாடும் இந்த எழுபத்தொன்பதில் குழந்தைகளைப் பற்றிப் பேசாமல் இருக்கக்கூடாது என்று தலைவர் அவர்கள் கட்டளையிட்டதால் எழுந்து நிற்கிறேன். வழி தவறிவிடக்கூடாது என்பதற்காக, நான் சொல்லப்போவதை முன்கூட்டியே வரிசைப்படுத்திச் சொல்லிவிடுகிறேன்.

1. பிள்ளை எழுதுவதற்கு முன்னால் பேச வேண்டும்.
2. எழுத்து வேளை நாள்தோறும் ஒரே நேரத்தில், ஆலையின் பன்னிரண்டு மணிச் சங்கோடு தொடங்க வேண்டும்.
3. அடங்காத பிள்ளையை அடிக்கவும் கூடாது, அச்சுறுத்தவும் கூடாது.
4. எதற்கும் அடங்காத பிள்ளை ஒன்றைப் பற்றி இன்று இந்த அவையில் நிறைவேற வேண்டிய தீர்மானம்.

நான்காவதைச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆகவே முதலிலிருந்து தொடங்குகிறேன்.

எழுத்து என்றால் என்ன? சிலேட்டில் கீறிய கோடா? சுவரில் ஒட்டிய அட்டையா? வாயில் பிறந்த சொல்லுக்குக் கையில் பிறந்த தம்பி அல்லவா எழுத்து! அண்ணன் பிறக்காமல் தம்பி எப்படிப் பிறப்பான்? பேசாத பிள்ளைக்கு 'அ' எதற்கு? பேச விடாத பள்ளிக்கு 'ஆ' எதற்கு?

ஒரு நாள் காலையில் நான் பால்வாடிக்கு வந்தபோது கிருபை டீச்சர் யானைப் படம் காட்டிக்கொண்டிருந்தார். எல்லாப் பிள்ளைகளும் "யானை" என்று கூவினார்கள். ஒரு பெண் குழந்தை மட்டும் எழுந்து நின்றாள்.

"டீச்சர், இந்த ஆனைக்குச் சோறு யாரு போடுதா?"

"பாகன் போடுவான்ளா."

"பாகனுக்குச் சோறு யாரு போடுதா?"

"அவன் பெஞ்சாதி."

"அவ கிட்டங்கிக்கு வேலைக்குப் போயிட்டா?"

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் யானையைப் பார்த்தேன்.

சிரியுங்கள், சிரியுங்கள். நானும் அன்று சிரித்தேன். ஆனால் இரவெல்லாம் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஒன்றைக் கேட்டு, கிடைத்த பதிலிலிருந்து அடுத்ததைக் கேட்டு, அதிலிருந்து மூன்றாவதற்குப் போகிறாள் நான்கு வயதுக் குழந்தை. படிப்பு என்று நாம் சொல்வது வேறு என்ன? இத்தகைய அறிவுள்ள பிள்ளை, அன்னையரே, இங்கே சேர்ந்து ஓராண்டு ஆகிறது. இன்றுவரை ஒரே ஓர் எழுத்துக்கூட அவளுக்கு வரவில்லை. 'அ' வரவில்லை. 'ட' வரவில்லை. இரண்டே கோடு போட்டால் வந்துவிடும் 'ட'. அதுவும் வரவில்லை. இதை வருத்தத்தோடு சொல்கிறேன். அவள் பெயரை இப்போது சொல்லவில்லை.

இரண்டாவது குறிப்பு, நேரம். இதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். கப்பலுக்கு நேரம் உண்டு, கடலேற்றத்துக்கு நேரம் உண்டு, கலங்கரை விளக்குக்கு நேரம் உண்டு. கல்விக்கு மட்டும் நேரம் வேண்டாமா? நான் செயலாளராக வந்தபோது டீச்சருக்குத் தோன்றியபோது எழுத்து, தோன்றாதபோது பாட்டு என்று இருந்தது. சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது. நம்மூர் உப்புக் காற்று அதைத் தின்றுவிட்டது. கடிகாரம் நின்றாலும் ஆலைச் சங்கு நிற்குமா? ஊருக்கெல்லாம் கேட்கும் சங்கு நம் பிள்ளைகளுக்குக் கேட்காதா? ஆகவே ஒழுங்கு செய்தேன். பன்னிரண்டு மணிச் சங்கு ஊத வேண்டும்; ஊதியதும் சிலேட்டுகள் மடிக்கு வர வேண்டும்; வாசற்கதவு தாழிடப்பட வேண்டும்; எழுத்து முடிந்த பிறகே கோதுமை உப்புமா.

இதில் கிருபை டீச்சருக்கு ஒரு சிறு தயக்கம் இருந்தது. "சார், சங்கு ஊதுற நேரத்துல கொஞ்சம் பிள்ளைங்க ஒரு மாதிரி ஆயிடுறாங்க. காலையிலேயே எழுத்தை வச்சிரலாமா?" என்று கேட்டார். நான் அவரை உட்காரவைத்து ஒழுங்கின் பெருமையை விளக்கினேன். நீண்ட நேரம் விளக்கினேன். அவர் பிறகு கேட்கவில்லை.

மூன்றாவது. அடங்காத பிள்ளையை அடிக்கலாமா? கூடாது. அதட்டலாமா? அளவோடு. அச்சுறுத்தலாமா? அறவே கூடாது. சீனித்தாய் அம்மாள் கோபித்துக்கொள்ள மாட்டார் என்றால் ஒன்று சொல்கிறேன். முன்பெல்லாம் அவர், "ஏலே, சும்மா இருக்கியளா, இல்ல ஊசி போடுத டாக்டரக் கூப்பிடட்டா?" என்பார். பிள்ளைகள் கல்லாய்ச் சமைந்துவிடுவார்கள். பிறகு ஒரு நாள் உண்மையாகவே அம்மை குத்த நர்சு வந்தார். பிள்ளைகள் அத்தனை பேரும் சன்னல் கம்பியில் தொங்கினார்கள்!

என்னம்மா? "நர்சும் சன்னல்ல தொங்குனாவளா?" என்கிறீர்களா? இல்லை, அவர் வாசலில் நின்று அழாத குறைதான். அன்றிலிருந்து ஆயா அந்தச் சொல்லை விட்டுவிட்டார். அவருக்கு நம் நன்றி உரியது.

ஆனால் அடிக்காமல், அச்சுறுத்தாமல் இருந்தும் ஒரு பிள்ளையை இழந்தோம். தளவாய் என்று ஒரு சிறுவன், போன வருடம் இங்கே இருந்தான். தாய் கிட்டங்கியில் வேலை செய்தார். தகப்பனாருக்குக் கொற்கையில் குத்தகை வயல். காலையில் ஆடுவான், பாடுவான். எழுத்து வேளை வந்தால் எழுந்து ஓடுவான். கதவில் முட்டுவான், தரையில் உருளுவான். அடிக்கக்கூடாது என்று நான் சொல்லியிருந்ததால் ஆயா தம் முந்தானையால் அவனைச் சன்னல் கம்பியோடு மெல்லக் கட்டிவைத்தார். அதைப் பார்த்த தகப்பனார், "எங்க ஊருல மாட்டத்தான் கட்டுவோம் சார்" என்று சொல்லி அவனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நான் தடுக்கவில்லை. "பையனுக்குப் படிப்பு ஏறாது" என்று குழுவில் சொன்னேன். குழுவும் தலையாட்டியது. இன்று அவன் வயல் வரப்பில் ஆடு பார்க்கிறான் என்று கேள்வி.

தண்ணீர் கொஞ்சம் கொடுங்கள்.

நான்காவது. பெரியோர்களே, கடைத்தெருப் பிள்ளைகள் எழுத்து வேளையில் அமைதியாக இருக்கிறார்கள். கிட்டங்கிப் பிள்ளைகள் இருப்பதில்லை. ஒருத்தி அழுகிறாள், ஒருவன் ட்ரவுசரை நனைக்கிறான். நான் சொல்லும் பிள்ளையோ தாழிட்ட கதவை மறித்த ஆயாவின் கையைக் கடித்தாள். போன வாரம் சிலேட்டை வீசினாள். அது தலைவர் அவர்களின் பேத்தி சண்முகவடிவின் நெற்றியில் பட்டது. இரத்தம் வந்தது. தையல் போட்டார்கள். அந்தக் குழந்தை முன்வரிசையில் கட்டோடு உட்கார்ந்திருக்கிறாள். நீங்களே பார்க்கலாம். ஆகவே, மற்றப் பிள்ளைகளின் நலன் கருதி, அந்தப் பிள்ளையின் பெயரை நீக்குவது என்று ஒரு தீர்மானத்தைக் குழுவின் சார்பில் நானே எழுதி...

சொல்லுங்கள் அம்மா. எழுந்து நிற்கிறீர்கள். சொல்லுங்கள். தலைவர் அவர்களே, அருள்கூர்ந்து பேச விடுங்கள். அம்மா, உங்கள் குரல் மைக்கில் விழாது. நீங்கள் சொல்வதை நான் அப்படியே திருப்பிச் சொல்கிறேன், எல்லோருக்கும் கேட்கட்டும்.

"எம்பிள்ளையப் பேரு சொல்லாமச் சொல்லுதிய. பேரச் சொல்லியே சொல்லுங்க அண்ணாச்சி."

ஆம் அம்மா. மன்னியுங்கள். சந்தனமாரி. யானைக்குச் சோறு யார் போடுகிறார்கள் என்று கேட்ட குழந்தையும் அவள்தான். இவர் அவள் தாயார் முப்பிடாதி.

"கையக் கடிச்சா, சிலேட்ட வீசுனான்னு சொல்லுதிய. வீட்டுல அவ ஒரு எறும்பக்கூட மிதிக்க மாட்டா. ஞாயித்துக்கெழம முச்சூடும் ஒரு மூலையில கெடப்பா, இருக்குறதே தெரியாது. இங்க வந்தா மட்டும் எப்படிக் கடிப்பா? இவளயும் வெளிய தள்ளிட்டா நான் எங்கன கொண்டு போயி வைப்பேன்? திரும்பவும் கிட்டங்கிக்குக் கொண்டு போகச் சொல்லுதியளா? அந்த இலைத்தூசிக்கு இருமி இருமிச் சாவா."

கேட்டீர்களா? நான் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. அம்மா, வீட்டில் அமைதியாக இருக்கிறாள் என்றால், முன்பு, கிட்டங்கியில் இருந்தபோது எப்படி இருந்தாள்? கடித்தாளா?

"எதுக்குக் கடிக்கா? தொட்டில்ல கெடப்பா. உத்தரத்துல வரிசையா எல்லாத் தொட்டிலும் தொங்கும். எங்க எல்லார் பிள்ளையும் அங்கனதான கெடந்துச்சு."

அழுதால்?

"அழுதாலும் தூக்க முடியாது அண்ணாச்சி. கையெல்லாம் நிலாவரை. அந்தக் கையோட தூக்கிப் பாலு கொடுத்தா பிள்ளைக்கு வயித்தால போயிரும். சங்கு ஊதுனாத்தான் கைகழுவ விடுவாவ. கைகழுவிட்டு ஓடிப் போயித் தூக்குவோம்."

பக்கத்தில், கிட்டங்கியில் இவரோடு இலை பொறுக்கும் தங்கத்தாய் அம்மாள் எதையோ சொல்லிச் சிரிக்கிறார். உரக்கச் சொல்லுங்கள். எல்லோரும் சிரிக்கிறார்களே, நான் மட்டும் ஏன் விட்டுப்போக வேண்டும்?

"சங்குச் சத்தம் கேட்டா எங்க நெஞ்சுல பாலு ஊறுதோ இல்லையோ, தொட்டில்ல கெடக்குறதுவ எல்லாம் வாயத் தொறந்துரும் அண்ணாச்சி! மூணு வயசு வரைக்கும் அதானே கூத்து. இப்பக்கூட கிட்டங்கியில வேல இல்லாத நாள்ல வீட்டுல எம்மவன் சங்கு ஊதுனா எம்மடியில வந்து விழுவான், தின்னி!"

நன்று. நன்று, அம்மா. உட்காருங்கள்.

...

பொறுத்துக்கொள்ளுங்கள். என் குறிப்புச் சீட்டில் அடுத்து என்ன இருக்கிறது என்று நான் தேடி நிற்கவில்லை. இருக்கிறது. ஆனால் அதைப் படிக்க என்னால் முடியவில்லை.

சங்கு ஊதினால் என்ன? எனக்குப் பன்னிரண்டு மணி. தலைவருக்குக் கடைப் பையனைச் சாப்பிட அனுப்பும் நேரம். கிருபை டீச்சருக்கு எழுத்து வேளை. கிட்டங்கித் தொட்டிலில் மூன்றாண்டு கிடந்த பிள்ளைக்கு? அம்மாவின் கை கழுவப்படும் நேரம்! அம்மாவின் கால் ஓடிவரும் நேரம்! அழுதும் கிடைக்காத மடி, அரற்றியும் கிடைக்காத மடி, அந்த ஓசை கேட்டதும் கிடைத்துவிடும் நேரம்! எத்தனை நாள் அந்தப் பாடம் நடந்திருக்கும்? ஞாயிறு தவிர நாள்தோறும் நடந்திருக்கும். நான் வைத்த ஒழுங்கைவிடப் பெரிய ஒழுங்கு அல்லவா அது! டீச்சர் இல்லாமல், சிலேட்டு இல்லாமல், அடி இல்லாமல் அந்தப் பிள்ளைகள் அதைக் கற்றுத் தேர்ந்துவிட்டார்கள். அப்படித் தேர்ந்த பிள்ளைகளை நான் என்ன செய்தேன்? சங்கு ஊதிய அந்தக் கணத்தில் கதவைத் தாழிடச் சொன்னேன். மடியைத் தேடிய கையில் சிலேட்டைக் கொடுக்கச் சொன்னேன். தாயைத் தேடி எழுந்த காலை முந்தானையால் கட்டினார்கள், என் பெயரைச் சொல்லி.

அவள் கடித்தது ஆயாவையா? மூடிய கதவை அல்லவா கடித்தாள்! அவள் வீசியது சிலேட்டையா? அம்மாவுக்குப் பதிலாக நாம் கையில் திணித்த பொருளை அல்லவா வீசினாள்! கடைத்தெருப் பிள்ளைகள் அமைதியானவர்கள் என்று பெருமையாகச் சொன்னேன். அவர்களுக்குச் சங்கு வெறும் சத்தம். அவர்கள் எதற்காக எழுந்து ஓட வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை ஆலை இல்லை, சங்கு இல்லை. சந்தனமாரியும் சத்தமில்லை. இதை ஒரு பிள்ளையின் குணம் என்று எழுதினேன். ஒரு குழுவே அதை ஏற்றது. படித்தவர்கள் நாம்! பட்டம் வாங்கியவர்கள் நாம்!

கிருபை டீச்சர் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்க்கிறார். அம்மா, நீங்கள் அன்றே சொன்னீர்கள். காரணம் உங்களுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. ஆனால் நீங்கள் பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னீர்கள். நான் சங்கை நம்பிச் சொன்னேன்.

தலைவர் அவர்கள் ஏதோ சொல்கிறார். "எழுதுனது நீரு, வாசிக்கிறதும் நீரு, இப்ப மாத்துறதும் நீரா வே? எம்பேத்தி நெத்தியில தையல் இருக்குல்லா?"

இருக்கிறது அண்ணாச்சி. அதை நான் மறைக்கவில்லை. அந்தத் தழும்பு போகாது. அந்தக் குழந்தையிடம் நான் தனியாக வந்து மன்னிப்புக் கேட்பேன். கையை ஓங்கியது சந்தனமாரிதான். ஆனால் அந்த நேரத்தை ஏற்படுத்தியது நான். அவளை வெளியே தள்ளினால் நாளைக்கும் சங்கு ஊதும். நாளைக்கும் கதவு மூடும். நாளைக்கு வேறொரு பிள்ளை சிலேட்டை வீசும். எத்தனை பெயர்களை நீக்குவோம்? கிட்டங்கிப் பிள்ளைகள் அத்தனை பேரையும் நீக்கிவிட்டு, அமைதியாக இருக்கிறது பார், பால்வாடி என்று கைதட்டுவோமா?

எழுத்தைக் காலையில் வைப்போம், அவர்கள் யானைக்குச் சோறு தேடும் அந்த வேளையில். சங்கு ஊதும்போது கதவைத் திறந்து வைப்போம். கிட்டங்கி அடுத்த தெருவில்தானே இருக்கிறது? தாய்மார்கள் கைகழுவிவிட்டு வரட்டும். உப்புமாவைத் தாங்களே ஊட்டட்டும். உட்கார்ந்து ஒரு வாய் தாங்களும் உண்ணட்டும். முதலாளிகளிடம் நான் போய்ப் பேசுகிறேன். எனக்குப் பேச்சு வராது என்பது உங்களுக்கே தெரியும். ஆனாலும் போகிறேன்.

தலைவர் மறுபடியும் சொல்கிறார். "தீர்மானத்த நீரே வாபஸ் வாங்கிக்கிடும். ஆனா இன்னொரு தடவை ரத்தம் வந்துச்சோ, கட்டடத்தப் பூட்டிருவேன், ஆமா." அண்ணாச்சி அவர்களே, இது எனக்குப் போதும். இதைவிடப் பெரிய கருணையை நான் எதிர்பார்க்கவில்லை. முப்பிடாதி அம்மா, அழாதீர்கள். நாளைக் காலையில் பிள்ளையைக் கொண்டுவாருங்கள்.

எனக்குள் ஒன்று மட்டும் தீரவில்லை. கொற்கைக்கு நாளை பஸ் ஏறிப் போவேன். தளவாயின் தகப்பனாரைப் பார்ப்பேன். என்ன சொல்வேன்? உங்கள் மகனுக்குப் படிப்பு ஏறாது என்று சொன்னவன் நான்தான், அவன் தாயைத் தேடித்தான் ஓடினான் என்று சொல்வேன். அவர் வரப்பில் நின்றபடியே கேட்டுவிட்டு, "சரி சார்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போகலாம். பையனை அனுப்பாமலும் இருக்கலாம். கேட்க எனக்கு உரிமையில்லை. ஒரு வருடத்தைத் திருப்பிக் கொடுக்கிற வித்தை துறைமுகத்திலும் இல்லை, பாளையங்கோட்டையிலும் இல்லை.

என் மெல்லிய குரலை இவ்வளவு நேரம் பொறுத்த பெரியோர்களுக்கும், தீர்மானத்தை என்னிடமே திருப்பித் தந்த தலைவருக்கும், வேலைக் களைப்போடு வந்து எனக்குப் பாடம் நடத்திய தாய்மார்களுக்கும் என் நன்றி. விளக்கு இல்லாத தெரு, பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு மெல்லப் போங்கள். உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நான்கு குறிப்புகள் சொல்வதாக எழுந்தேன். அவற்றில் இரண்டாவது தவறு.